பூச்சியின் பெயர் தெரியாமல் மருந்து எதற்கு?

சம்பாப் பயிர் தூர் கட்டி முடித்துப் பொதிக்கு வரும் நாட்களில், வேளாண்மை விரிவாக்க மையங்களுக்கு வரும் விவசாயிகளின் பேச்சில் அதிகமாக அடிபடும் சொல் ‘புகையான்’. தூரைத் தட்டும்போது நாலு பூச்சி தத்தி ஓடினால் போதும், புகையான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த அரை மணி நேரத்தில் உரக்கடையில் மருந்தும் வாங்கியாகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் விவசாய அன்பர்களோடும், என் துறையைச் சேர்ந்த நண்பர்களோடும் கொஞ்சம் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன். பூச்சி மருந்தே கூடாது என்பது என் வாதம் அல்ல. வந்திருப்பது இன்ன பூச்சி என்று தெரியாமல் தெளிப்பானைத் தோளில் மாட்டக்கூடாது என்பதே என் வாதம்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை வந்தது நான் செய்த ஒரு தவறினால்தான். பணியில் சேர்ந்த புதிதில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர், “சார், வயல்ல பூச்சி பறக்குது, புகையானா இருக்குமோன்னு பயமா இருக்கு” என்று அழைத்துப் போனார். வரப்பில் நின்றபடியே பார்த்தேன். சாம்பல் பூசினாற்போல் வெளுத்த சிறு பூச்சிகள் கூட்டமாக எழுந்து மறுபடி உட்கார்ந்தன. நான் வயலில் இறங்கவில்லை. காலில் புதுச் செருப்பு. அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் போக வேண்டும். “ஆமாங்கய்யா, மருந்து அடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டேன். கடையில் அவருக்குக் கிடைத்தது செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்து. அதையும் அவர் மனம் போல் தாராளமாகவே அடித்திருக்கிறார்.

மூன்று நான்கு வாரம் கழித்து அதே ஊருக்குப் போனேன். வயலின் நடுவில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடந்தது. தூரைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. இப்போது வந்திருந்தது உண்மையான புகையான். ஒன்றரை ஏக்கரில் ஏறக்குறையப் பாதி பதராயிற்று. பெரியவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “அன்னிக்கே புகையான்னு சொன்னீங்க, நானும் மருந்து அடிச்சேனே சார்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வரப்போரம் கோரை மண்டியிருந்த இடத்தில் அந்த வெளுத்த பூச்சிகள் இன்னும் இருந்தன. நாலைந்தைப் பிடித்துக் குப்பியில் போட்டு எடுத்துவந்து உருப்பெருக்கியில் பார்த்தேன். அது நிசியா என்னும் பூச்சி. கோரையின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. இறகின் மேல் மெழுகுப் பொடி படிந்திருப்பதால் வெளுத்துத் தெரியும். நெல்லில் குடும்பம் நடத்தாது. அதை விரட்டுவதாக நினைத்து, வயலில் இருந்த சிலந்திகளையும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் அன்றைக்குக் கொன்றிருக்கிறோம். காவல் போன வயலில் பின்னால் வந்த புகையானுக்குத் தடை சொல்ல ஆள் இல்லை.

‘தத்துப்பூச்சி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருக்கும் கூட்டம் மிகப் பெரியது. முதலில் இரண்டு பெரும் பிரிவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தத்துப்பூச்சி, பருத்தியிலும் வெண்டையிலும் வரும் தத்துப்பூச்சி, மாமரத்தில் பூக்கும் காலத்தில் வரும் தத்துப்பூச்சி ஆகியவை இலைத் தத்துப்பூச்சிகள். இவற்றின் பின்னங்கால் நெடுகச் சீப்புப் பல் போல முட்கள் வரிசையாக இருக்கும். புகையான், வெண்முதுகுத் தத்துப்பூச்சி, கரும்பில் வரும் பைரில்லா ஆகியவை வேறு கூட்டம். ஆங்கிலத்தில் ‘பிளாண்ட்ஹாப்பர்’ என்பார்கள். இவற்றின் உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் பொருத்தியதுபோல் இருக்கும். அதன் அடிப்பகுதி சற்றுப் பருத்திருக்கும். இலைத் தத்துப்பூச்சிகளுக்கு உணர்கொம்பு இரு கண்களுக்கு இடையில் முன்பக்கமாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு ஒன்று இருந்தால் இதைப் பார்த்துவிடலாம்.

நான் படித்த காலத்துப் பாடநூல்களில் இவை எல்லாம், அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவற்றோடு சேர்த்து ‘ஹோமாப்டிரா’ என்ற தலைப்பில் இருந்தன. இன்றும் சில கையேடுகளில் அப்படியே அச்சாகிறது. அந்தத் தலைப்பு இப்போது வழக்கொழிந்துவிட்டது. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் அது ஒரு வம்சாவளியைச் சேர்ந்த கூட்டம் அல்ல என்று தெரிந்து, எல்லாவற்றையும் நாவாய்ப்பூச்சிகளோடு சேர்த்து ‘ஹெமிப்டிரா’ என்ற ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் புகையானின் பெருங்கூட்டத்துக்கு ஃபல்கோராய்டியா என்று பெயர். சுமார் 20 குடும்பங்கள். உலகெங்கும் பெயர் சூட்டப்பட்டவை மட்டும் 12,000 சிற்றினங்களுக்கு மேல். அனைத்தும் செடியையோ பூஞ்சையையோ உறிஞ்சி வாழ்பவை. ஆனால் பயிருக்குப் பகை என்று பெயர் எடுத்தவை விரல் விட்டு எண்ணத்தக்க சிலவே.

நம் ஊரிலேயே பார்க்கலாம். எருக்கஞ்செடியில் பழுப்பு இறகும் சிவந்த வயிறுமாக உட்கார்ந்திருக்கும் யூரிபிராகிஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. சந்தன மரத்திலும் அது உண்டு. தோட்டத்துச் செடிகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் குஞ்சுகள் தெரியும் ஃபிளாட்டிட் வகை இன்னொரு குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நீண்ட மூக்கு உடைய பெரிய பூச்சிக்கு ‘லாந்தர் பூச்சி’ என்று பெயர். பெயர்தான் லாந்தர், வெளிச்சம் எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் இசஸ் என்றொரு வகை. அதன் குஞ்சின் பின்னங்கால்கள் உடம்போடு சேரும் இடத்தில் பல்சக்கரம் இருக்கிறது. இரண்டு கால்களும் ஒரே நொடியில் உதைத்து எழும்ப, ஒரு சக்கரத்தின் பற்கள் மற்றதில் கோத்துச் சுழல்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பரோஸும் சட்டனும் 2013ல் இதை வெளியிட்டபோது எஞ்சினியர்களே வியந்தார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதாமல் விட மனம் வரவில்லை.

தென்னை விவசாயிகளுக்குச் சம்பந்தமுள்ள ஒன்றும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. பிரவுடிஸ்டா என்ற சிறு பூச்சி, டெர்பிடே குடும்பம். நீண்ட இறகோடு ஓலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அது உறிஞ்சும் சாற்றின் அளவைப் பார்த்தால் மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கேரளத்துத் தென்னையை வாட்டிய வேர்வாடல் நோயின் கிருமியைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியோடு சேர்ந்து இதுவும் மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது என்று காயங்குளத்தில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. கம்பம் பள்ளத்தாக்கிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் அந்த நோய் வந்தபின் தோப்பு தோப்பாக மரம் வெட்டிய விவசாயிகளை நான் அறிவேன். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பூச்சியைக் காட்டியிருக்கிறோம்? இந்தக் குடும்பத்தின் குஞ்சுகள் மரத்திலேயே இருப்பதில்லை. மட்கும் குப்பையில் பூஞ்சையைத் தின்று வளர்பவை. பெரிய பூச்சி ஓலையில், குஞ்சு தரையில் என்ற இந்த ஒரு செய்தியைச் சொல்லக்கூட, வந்திருப்பது டெர்பிடே என்று அடையாளம் காண ஒருவர் வேண்டுமே.

இனி புகையானின் சொந்தக் குடும்பத்துக்கு வருவோம். அதன் பெயர் டெல்பாசிடே. 2,000 சிற்றினங்களுக்கு மேல் உண்டு. இந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு அடையாளம் போதும். பின்னங்காலின் நுனிப்பக்கத்தில், சேவலின் காலில் இருப்பதுபோல, அசைக்கக்கூடிய ஒரு முள் இருக்கும். அந்த முள் இருந்தால் டெல்பாசிடே, இல்லாவிட்டால் அல்ல. என் மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நான் அன்று வரப்பிலிருந்து இறங்கி ஒரே ஒரு பூச்சியைப் பிடித்து இந்த முள்ளைத் தேடியிருந்தால் அந்தப் பெரியவரின் அரை ஏக்கருக்கு மேலான நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். நிசியாவுக்கு அந்த முள் கிடையாது.

புகையானின் அறிவியல் பெயரில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. ஜாவாவிலிருந்து கிடைத்த பூச்சியை வைத்து 1854ல் சுவீடன் நாட்டு ஸ்டால் அதற்கு ‘லூஜென்ஸ்’ என்று பெயர் வைத்தார். ‘துக்கம் காக்கிற’ என்று பொருள். பயிர் கருகிய வயலை அவர் நினைத்திருக்க மாட்டார்; பூச்சியின் மங்கலான நிறம்தான் காரணமாக இருக்கும். 1906ல் லண்டனில் டிஸ்டண்ட் என்பவர் இலங்கையிலிருந்து வந்த ஒரு பூச்சிக்காக ‘நீலபர்வதா’ என்ற புதுப் பேரினத்தை ஏற்படுத்தினார். நம் காதுக்கு நன்றாகவே புரிகிற சொல். பிற்பாடு பார்த்தால் இலங்கைப் பூச்சியும் ஜாவாப் பூச்சியும் ஒன்றே. ஜப்பானிலும் அதற்கு வேறு பெயர் வழங்கியது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சேர்த்து ‘நீலபர்வதா லூஜென்ஸ்’ என்று நிலைநிறுத்தினார்கள். ஒரே பூச்சிக்கு நாட்டுக்கு ஒரு பெயர் இருந்தவரையில், ஒரு நாட்டில் கற்றது இன்னொரு நாட்டுக்குப் பயன்படவில்லை. வகைப்பாடு என்பது அருங்காட்சியகத்து வேலை, ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெல் வயலில் புகையானோடு குழப்பிக்கொள்ளப்படுவது வெண்முதுகுத் தத்துப்பூச்சி. இரண்டும் டெல்பாசிடேதான், ஆனால் பேரினமே வேறு. முதுகின் நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால் வெண்முதுகு என்று தெரிந்துகொள்ளலாம். இது பெரும்பாலும் நடவுக்குப் பின் தூர் கட்டும் பருவத்தில் வரும். வயல் முழுதும் பரவலாக மஞ்சளிக்கும். புகையான் பெரும்பாலும் கதிர் வெளிவரும் பருவத்தை ஒட்டி வரும். வட்ட வட்டமாகத் தீயும். புகையானுக்கு நெல்லையும் அதன் காட்டு உறவினர்களையும் விட்டால் வாழ்வு இல்லை. வெண்முதுகு பல புற்களிலும் பிழைக்கும். நோய்க் கிருமிகளைப் பரப்புவதிலும் இரண்டும் ஒன்றல்ல. புகையான் கொண்டுவருவது புல்தழைக் குட்டை நோய், கிழிந்த இலைக் குட்டை நோய் ஆகியவை. 2022ல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் குட்டையாக நின்றுபோனதற்குக் காரணமான வைரசைப் பரப்புவது வெண்முதுகு.

இதைவிட முக்கியமான வேறுபாடு மருந்தில் இருக்கிறது. இமிடாகுளோபிரிட் மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே ஆசிய நாடுகள் பலவற்றில் புகையான் அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. 2006ல் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் பல இடத்துப் பூச்சிகளைச் சோதித்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டது இது: புகையான் இமிடாகுளோபிரிடைத் தாங்குகிறது, பிப்ரோனிலுக்குச் சாகிறது, வெண்முதுகு பிப்ரோனிலைத் தாங்குகிறது, இமிடாகுளோபிரிடுக்குச் சாகிறது. நேர் எதிர்! “எந்தத் தத்துப்பூச்சியாக இருந்தால் என்ன, தத்துப்பூச்சி மருந்து ஒன்று கொடுங்கள்” என்று கடையில் கேட்கிறவர் பாதி நேரம் காசை வாய்க்காலில் விடுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெண்முதுகின் பேரினத்திலேயே அதைப் போலவே தோற்றமுள்ள வேறு சில சிற்றினங்கள் புற்களில் வாழ்கின்றன. விளக்குப்பொறியில் அவையும் வந்து விழும். மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆண் பூச்சியின் வால்நுனியைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் நிபுணர் பெயர் சொல்வார். விளக்குப்பொறியில் இத்தனை ஆயிரம் விழுந்தது என்று எண்ணி எச்சரிக்கை விடும்போது, அந்த ஆயிரத்தில் புல்லுப் பூச்சி எத்தனை என்று பிரித்தறிந்தவர் உண்டா என்று நான் கூட்டங்களில் கேட்பதுண்டு. கேட்கிற எனக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை.

உருவத்தை வைத்துக்கூடப் பிரிக்க முடியாதவையும் உண்டு. நீர்நிலை ஓரங்களில் வளரும் லீர்சியா என்ற புல்லில் வாழும் ஒரு கூட்டம் அச்சில் வார்த்தாற்போல் புகையான் மாதிரியே இருக்கும். புல்லிலிருந்துதான் நெல்லுக்குப் புகையான் வருகிறது என்று சொல்ல இடமிருந்தது. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிளாரிட்ஜ் குழுவினர் 1980களில் இதை வேறு வழியாக ஆராய்ந்தார்கள். இந்தப் பூச்சிகள் வயிற்றை அதிர வைத்து, அந்த அதிர்வைச் செடியின் தண்டு வழியாக அனுப்பி இணையை அழைக்கின்றன. நம் காதுக்குக் கேட்காது. கருவி வைத்தால் கேட்கும். நெல்லில் வாழும் பூச்சியின் அழைப்பும் புல்லில் வாழும் பூச்சியின் அழைப்பும் தாளத்தில் வேறாக இருந்தன. ஒரே கூண்டில் வேறு வழியில்லாமல் அடைத்தால் கலப்பு நடக்கும். தேர்ந்தெடுக்க விட்டால் தன் இனத்தையே தேடிப் போகும். ஆகவே இவை இரண்டு தனி இனங்கள் என்று முடிவு செய்தார்கள். புகையான் வருகிறது என்று அந்தப் புல்லுக்கு மருந்து அடிப்பது வீண் செலவு. அதுமட்டுமல்ல, வரப்புப் புல்லில் இருக்கும் தத்துப்பூச்சிகளைத் தின்று பெருகும் சிலந்திகள்தான் நடவு முடிந்ததும் வயலுக்குள் இறங்குகின்றன.

நெல் ரக ஆராய்ச்சியிலும் இந்த வேற்றுமை நமக்குப் பாடம் கற்பித்தது. புகையானைத் தாங்கும் முதல் ரகங்களுள் ஒன்றான ஐ.ஆர். 26ஐ 1973ல் பிலிப்பைன்ஸில் வெளியிட்டார்கள். அதன் எதிர்ப்புச் சக்தி நம் நாட்டிலிருந்து போன முட்கோ என்ற நெல்லில் காணப்பட்ட மரபணுவைச் சார்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையே தின்னும் புகையான் கிளம்பிவிட்டது. அடுத்து 1976ல் ஐ.ஆர். 36. அதற்கு அடிப்படையான வகை மரபணு முதலில் கண்டறியப்பட்டது எந்த நெல்லில் தெரியுமா? நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7ல். உலகத்துப் புகையான் ஆராய்ச்சிக் கூடங்களில் இன்றும் சோதனைக்காக வளர்க்கப்படும் நெல் அது. ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள புகையான் அந்த மரபணுவை ஆரம்பத்திலிருந்தே பொருட்படுத்தவில்லை. நம் ஊர்ப் புகையானையும் தாங்கி நின்றவை பட்டாம்பியின் பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்றவை. ஒரே சிற்றினத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் குணம் மாறுகிறது என்று பொருள். வெளியூரில் புகையானைத் தாங்கிய ரகம் என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி விதை வாங்கக்கூடாது.

“பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்று என் துறையிலேயே கேட்கிறவர்களுக்கு ஹவாய்த் தீவின் கதையைச் சொல்வது என் வழக்கம். 1900ஐ ஒட்டி அங்கே கரும்பில் ஒரு புதுத் தத்துப்பூச்சி பெருகித் தோட்டங்கள் அழிந்தன. 1903ல் கிர்கால்டி அதை ஆராய்ந்து பெர்கின்சியெல்லா என்று பெயரிட்டார். அது ஹவாய்க்கு உரியது அல்ல, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து கரும்புக் கரணையோடு வந்தது என்று தெரிந்தது. பிறந்த ஊர் தெரிந்ததும், அங்கே அதை அடக்கி வைத்திருப்பது எது என்று தேடிப் போனார்கள். முட்டையில் வாழும் சிறு குளவிகளை முதலில் கொண்டுவந்தார்கள். ஓரளவு பயன் கிடைத்தது. பின்னர், உலகத்து டெல்பாசிடே பூச்சிகளை வகைப்படுத்துவதில் வல்லவரான மியூர், அதன் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சி ஒன்றை 1920ல் கொண்டுவந்து விட்டார். அத்தோடு அந்தத் தொல்லை அடங்கியது. பூச்சிக்குப் பெயர் சூட்டுகிற ஆளும், கரும்பைக் காப்பாற்றிய ஆளும் ஒருவரே. அந்த மிரிட்டின் நெருங்கிய உறவுக்காரப் பச்சை மிரிட்தான் நம் நெல் வயலில் புகையான் முட்டையைத் தின்பது. நாம் அதைக் கப்பலில் வரவழைக்க வேண்டியதில்லை. கொல்லாமல் இருந்தால் போதும்.

நம் நாட்டுப் பைரில்லாவுக்கும் இது பொருந்தும். கரும்பு இலையில் வைக்கோல் நிறத்தில், மூக்கு நீண்டு, தொட்டால் தாவும் பூச்சி அது. குஞ்சுக்கு வாலில் இரண்டு நீண்ட இழைகள் இருக்கும். குடும்பம் லோபோபிடே. அதன் உடம்பில் வெள்ளையாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். எபிரிகேனியா என்ற சிறு அந்துப்பூச்சியின் புழு அது. பைரில்லாவின் மேல் சவாரி செய்துகொண்டே அதை உறிஞ்சிக் கொல்கிறது. அதன் கூடுகள் இலையில் தென்படும் தோட்டத்தில் மருந்து அடிக்கத் தேவையில்லை. கூடு உள்ள இலைகளை வெட்டி, இல்லாத தோட்டத்தில் கட்டிவிட்டுப் பயன் கண்டிருக்கிறார்கள்.

மருந்தை நம்பி மட்டும் புகையானை வெல்ல முடியாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட நாடு இந்தோனேசியா. அங்கே பெரும் சேதத்துக்குப் பின், 1986 நவம்பரில் அதிபரின் ஆணைப்படி நெல்லுக்கு 57 மருந்துகள் தடை செய்யப்பட்டன. இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானை வளர்த்ததே அந்த மருந்துகள்தாம் என்று ஆராய்ச்சிகள் காட்டியதன் விளைவு அது. 1973-74ல் கேரளத்துக் குட்டநாட்டில் நெல் பாழானபோதே நாமும் கற்றிருக்க வேண்டிய பாடம். இன்றும் செயற்கைப் பைரித்திராய்டு, குயினால்பாஸ் போன்றவை புகையானைப் பெருக்கும் என்று நாங்கள் கையேட்டில் எழுதுகிறோம். கடையில் அவையே கைக்கு முதலில் வருகின்றன.

விவசாயி செய்யக்கூடியது ஒன்றும் கடினமானதல்ல. வயலில் இறங்குங்கள். பத்து இடங்களில் தூரைச் சாய்த்து அடித்தண்டில் தட்டுங்கள். தண்ணீரில் விழுவதைப் பாருங்கள். தூரில் சிலந்தி இல்லாதபோது ஒரு கிளைக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும்போது கிளைக்கு இரண்டு பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இறகு குட்டையான, வயிறு பருத்த பெண் புகையான்கள் தென்பட்டால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவை பறந்து போகப் பிறந்தவை அல்ல. அங்கேயே தங்கி முட்டையிடப் பிறந்தவை. அப்போது தண்ணீரை வடித்து வயலை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். நடவின்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டிருந்தால் காற்றும் வெயிலும் தூருக்குள் போகும். மருந்து அடிக்க நேர்ந்தாலும் அடித்தண்டில் படும்.

அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கேட்க வேண்டியதை இங்கே கேட்கிறேன். கோவையில் 2018ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்க்கக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் வட்டார விரிவாக்க மையத்தில் ஒரு பூச்சிப் பெட்டி இல்லை. புகையான், வெண்முதுகு, பச்சைத் தத்துப்பூச்சி, நிசியா, பச்சை மிரிட், ஓநாய்ச் சிலந்தி இந்த ஆறும், ஒரு கைலென்சும் இருந்தால் பெட்டி ஆயிற்று. ஒரு நாள் தெளிப்புக் கூலியை விட அதற்குச் செலவு அதிகம் ஆகாது. வகைப்பாடு படிக்க மாணவர் வருவதில்லை என்று குறை சொல்கிறோம். படித்து முடித்தவருக்கு அதற்கான பணியிடம் எங்கே வைத்திருக்கிறோம்? கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் பெயர் வந்துவிடும் என்கிறார்கள் இளைஞர்கள். வெண்முதுகின் வெள்ளைப் பட்டை படத்தில் தெரியலாம். பின்னங்கால் முள்ளும், ஆணின் வால்நுனியும் எந்தப் படத்தில் தெரியும்? மரபணுச் சோதனை செய்யலாம் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க முதலில் ஒருவர் சரியாகப் பெயர் சூட்டிய பூச்சி இருக்க வேண்டும். அந்த ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டிருக்கிறார்.

அதுவரை சந்தேகப் பூச்சியை எங்களிடம் கொண்டுவாருங்கள். நசுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவர வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் போடுங்கள். பத்துப் பூச்சியாவது இருக்கட்டும், ஆணும் பெண்ணும் கலந்து வரும். எந்த ஊர், எந்தப் பயிர், என்ன ரகம், நட்டு எத்தனை நாள், தூரில் பிடித்ததா இலையில் பிடித்ததா வரப்பில் பிடித்ததா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.